கோடு போடாத இடம்

1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், இன்றைய யாழ்ப்பாண மாவட்ட எல்லைக்குள் இருந்த சனத்தொகை ஏறத்தாழ 7 இலட்சத்து 39 ஆயிரம். 2012இல் அதே எல்லைக்குள் ஏறத்தாழ 5 இலட்சத்து 84 ஆயிரம். இரண்டுக்கும் நடுவில் 31 வருடங்கள். 1991இல் நாட்டில் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001இல் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. யாழ்ப்பாணம் அந்தப் பட்டியலில் இல்லை.

இந்த இரண்டு எண்களையும் கணினியிடம் கொடுத்து ஒரு கோட்டு வரைபு கேட்டால், கண் இமைக்கும் நேரத்தில் இரண்டு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்துத் தந்துவிடும். மெல்லச் சரியும் வடிவான கோடு. அதை நம்பினால், ஆண்டுக்கு ஐயாயிரம் பேர் என்ற கணக்கில், வரிசை குலையாமல், சனம் ஊரைவிட்டுப் போயிருக்கிறது. 1990இல் வந்த பொருளாதாரத் தடை அதில் இல்லை. போரால் வந்த 1995 இடப்பெயர்வு இல்லை. 1996இல் திரும்பி வந்தவர்களும் இல்லை.

தரவுக் காட்சிப்படுத்தல் என்ற பாடத்தின் முதல் வகுப்பில் நான் இந்தக் கோட்டைத்தான் திரையில் போடுவேன். "இதில என்ன பிழை?" என்று கேட்பேன். பெரும்பாலும் முன்வரிசையில் இருந்து பதில் வரும்: "ஒண்டும் இல்லை சேர். ரெண்டு புள்ளியும் சரிதானே." புள்ளிகள் சரிதான். ஒருமுறை பின்வரிசையில் இருந்த பிள்ளை ஒன்று, கை உயர்த்தாமலே, "அப்ப அம்மாக்கள் நாவற்குழிப் பாலம் கடந்த வருசம் எங்க சேர்?" என்று கேட்டுவிட்டது. என் பாடத்தின் பாதி அந்தக் கேள்வியில் இருக்கிறது.

நான் இந்தத் துறைக்குத் திட்டமிட்டு வந்தவனல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலி வளாகத்தில் கணிதம் படிக்க வந்தேன். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடம்; 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. நாங்கள் போனபோது குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. துணைவேந்தர் பேராசிரியர் துரைராசாவே சைக்கிளில்தான் வருவார். கேம்பிறிட்ஜில் மண்பொறியியலில் பெயர் பெற்றவர், எங்களைப்போலவே வெயிலில் மிதித்து வருவதைப் பார்த்தபின் வாகனம் இல்லை என்று முறையிட ஒருவருக்கும் வாய் வராது.

கணினி என்பது எங்களுக்கு ஜெனரேற்றர் ஓடும் சிறு நேரத்தில் மட்டும் உயிர்பெறும் பொருள். நிரலை முதலில் கொப்பியில் எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு வரியாக மனதால் ஓட்டி, மாறிகளின் பெறுமானங்களைப் பக்கத்தில் எழுதி, பிழை இல்லை என்று தெரிந்த பிறகே தட்டெழுதலாம். இரவில் ஜாம் போத்தல் விளக்கு. அடியில் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சும், நடுவில் ஒரு திரி. ஒரு குடும்பமே அதைச் சுற்றி இருந்து படிக்கும். தாளுக்கும் தட்டுப்பாடு. பத்திரிகைகள் பாடசாலைக் கொப்பித் தாளில் அச்சான காலம் அது. வரைபுத்தாளின் இரண்டு பக்கத்தையும் பாவிப்போம். பென்சிலால் குறித்து, அழித்து, திரும்பக் குறிப்போம்.

அந்த நாள்களில் புள்ளிவிபரவியல் எடுத்த விரிவுரையாளர் ஒருநாள் வகுப்பை நான்கு கோஷ்டிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு கோஷ்டிக்கும் பதினொரு சோடி எண்கள். சராசரி, மாறற்றிறன், இணைபுக் குணகம், பொருத்தமான நேர்கோடு எல்லாம் கண்டுபிடிக்கச் சொன்னார். வகுப்பில் இருந்தவை வெளிச்சத்தில் ஓடும் கணிப்பான்கள். யன்னல் ஓரம் போய் நின்று தட்டினோம். மேகம் மூடினால் இலக்கம் மங்கும், கை நின்றுவிடும். கடைசியில் விடைகளைக் கரும்பலகையில் எழுதச் சொன்னார். முதல் மாறியின் சராசரி 9, இரண்டாவதன் சராசரி 7.5, இணைபுக் குணகம் 0.816. நான்கு கோஷ்டிக்கும் ஒரே விடை. "எங்கட கொப்பியைப் பாத்தே எழுதினனீங்கள்?" என்று ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டோம்.

"சண்டை பிடியாதேங்கோ. இப்ப தாளில குறிச்சுப் பாருங்கோ" என்றார்.

குறித்தோம். முதல் கோஷ்டிக்கு ஒரு கோட்டைச் சுற்றிச் சிதறிய சாதாரணப் புள்ளிகள். இரண்டாவதுக்கு அழகாக வளைந்த பரவளைவு. மூன்றாவதுக்கு நூல் பிடித்தாற்போல் நேர்கோடு, ஒரே ஒரு புள்ளி மட்டும் மேலே துள்ளிக்கொண்டு. நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒரே நிலைக்குத்தில் நிற்க, பதினோராவது வலக்கோடியில் தன்னந்தனியே. அந்த ஒன்றை எடுத்துவிட்டால் கோடு போடவே வழியில்லை. அன்ஸ்கொம்ப் என்ற புள்ளிவிபரவியலாளர் 1973இல் வெளியிட்ட எடுத்துக்காட்டு அது என்று பிறகு தெரிந்தது. எண்களைச் சுருக்கினால் எது கிடைக்கும் என்பதைத்தான் அதுவரை படித்திருந்தேன். சுருக்கும்போது எது காணாமல் போகிறது என்பதை முதன்முதலில் கண்ணால் கண்டது அன்றுதான்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. செம்மணி வீதியில் சைக்கிளை உருட்டக்கூட இடமில்லாத நெருக்கம். சில மைல் தூரம் கடக்க விடிந்துவிட்டது. காரியரில் ஒரு உடுப்புப் பை, கொஞ்சம் அரிசி, பொலித்தீனில் சுற்றிய கொப்பிகள். அந்த இரவைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். நான் அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாவற்குழிப் பாலத்தில் நின்று எண்ண ஒருவரும் இல்லை. எத்தனை பேர் கடந்தார்கள் என்பதற்குப் பிறகு வந்த மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று பல்லாயிரக்கணக்கில் வேறுபடும்.

சில வருடங்கள் கழித்து மேற்படிப்புக்கு இங்கிலாந்து போனபோது, சார்ள் மினார் 1869இல் வரைந்த படத்தை முதல்முறை பார்த்தேன். நெப்போலியனின் படை 1812இல் மொஸ்கோ போய்த் திரும்பிய கதை. ஒரு பட்டை, அதன் அகலமே ஆட்களின் தொகை. ஒரு மில்லிமீற்றருக்குப் பத்தாயிரம் பேர். எல்லையில் 422,000 பேரோடு புறப்படும் பட்டை, மொஸ்கோவில் 100,000 ஆக மெலிந்து, திரும்பி வரும்போது 10,000 பேர் கொண்ட கறுப்பு இழையாகிறது. கீழே குளிரின் அளவு. காட்சிப்படுத்தல் படிக்கிற எவருக்கும் அது பால பாடம். என்னோடு படித்தவர்கள் அதன் அழகைப் பேசினார்கள். எனக்குப் படத்தின் தலைப்பில் இருந்த சிறிய எழுத்துகளில் கண் போனது. எண்களை யார் யாருடைய நூல்களிலிருந்து எடுத்தேன் என்று மினார் அங்கே பெயர் பெயராக எழுதியிருக்கிறார். அவருக்கு எடுக்க ஏதோ இருந்தது. செம்மணி வீதியில் நடந்த சனத்துக்கு அப்படி ஒரு பட்டை போடலாமா என்று தாளில் முயன்று பார்த்தேன். பட்டையின் அகலத்தை எவ்வளவு என்று வைப்பது? எண்ணாததை வரைய முடியாது. வரைந்தால் அது கற்பனை.

எண்ணியதை வரையும்போதும் எதையோ விட்டே ஆகவேண்டும். இதை எனக்குக் கற்றுத்தந்தது, அங்கே நூலகத்தில் அகப்பட்ட ஒரு சிறிய கட்டுரை. 1993இல் வரைபடவியல் சஞ்சிகை ஒன்றில் வந்தது. ஆசிரியர்கள் இருவர்: விஸ்வலிங்கம், வைற். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகக் கணினி விஞ்ஞானத் துறையில் இருந்து எழுதியிருந்தார்கள். வெள்ளைக்காரப் பெயர்களுக்கு நடுவே விஸ்வலிங்கம் என்று கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். பெயருக்காகத் தொடங்கி, விசயத்துக்காக அன்றே இரண்டு முறை வாசித்தேன்.

பிரச்சினை இதுதான். ஒரு கரையோரத்தைக் கணினியில் பதிந்தால் ஆயிரக்கணக்கான புள்ளிகள் வரும். சிறிய படத்துக்கு அவ்வளவும் தேவையில்லை. எவற்றை நீக்குவது? அதற்கு முன் பலரும் பாவித்தது 1973இல் வந்த டக்ளஸ், பொய்க்கர் முறை. அது கோட்டிலிருந்து அதிக தூரம் விலகும் புள்ளிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் கடுமையாகச் சுருக்கினால் கரை முள்ளுமுள்ளாகத் தெரியும். விஸ்வலிங்கமும் வைற்றும் வேறு வழியில் போனார்கள். ஒவ்வொரு புள்ளியையும் அதன் இரு பக்கத்து அயல் புள்ளிகளோடு சேர்த்து ஒரு முக்கோணி வரைந்துபார். எந்த முக்கோணியின் பரப்பளவு ஆகச் சிறியதோ, அதன் நடுப்புள்ளியை நீக்கு. நீக்கியதும் அயலவரின் முக்கோணிகள் மாறும். அவற்றைத் திரும்பக் கணி. அடுத்த சிறியதை நீக்கு. வேண்டிய அளவு வரும்வரை இப்படியே போ. முறை அவ்வளவுதான். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். இன்று இணையத்தில் நாம் பார்க்கும் படங்களில் எத்தனையோ இந்த முறையால் மெலிந்தவை. மப்ஷேப்பர் என்ற இலவசக் கருவி தானாகத் தெரிவதே இதன் திருத்திய வடிவத்தைத்தான்.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது, ஒரு புள்ளியை ஏன் விட்டோம் என்பதற்கு அது கணக்குக் காட்டுவது. நீக்கிய ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பரப்பளவு பதிவாகிறது. இவ்வளவு நிலம் விடுபட்டது என்று பின்னால் யாரும் கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

2002 ஏப்பிரலில் ஏ9 பாதை திறந்தபின் ஊருக்குத் திரும்பிப் படிப்பிக்கத் தொடங்கினேன். காட்சிப்படுத்தல் என்று தனிப்பாடம் அப்போது எங்களிடம் இல்லை. கணினி வரைகலைப் பாடத்துக்குள் சில மணித்தியாலங்களை ஒதுக்கி அதை நுழைத்தேன். ஆய்வுகூடத்தில் மின்சாரம் நின்றால் பிள்ளைகளிடம் பென்சிலும் ஊடுகாட்டித் தாளும் கொடுப்பேன். நில அளவைத் திணைக்களத்தின் ஓரங்குலப் படத்தின்மேல் தாளை விரித்து, காரைநகர்க் கரையைப் பிரதிபண்ண வேண்டும். புள்ளிகள் குறித்து, முக்கோணிகள் போட்டு, சதுரம் எண்ணிப் பரப்பளவு கண்டு, சிறியதை அழிக்க வேண்டும். மெதுவான வேலை. ஆனால் கையால் அழித்தவர் மறக்கமாட்டார். "சேர், இதை அழிச்சா எங்கட இறங்குதுறை போயிடும்" என்று காரைநகர்ப் பொடியன் ஒருவன் அழிறப்பரை எடுக்கவே மறுத்தான்.

பின்னாளில் அதையே கணினியில் செய்தோம். குடாநாட்டின் கரையை நூற்றுக்கு ஒரு வீதமாகச் சுருக்கினால் தொண்டைமானாற்று வாய் அடைபடும். எழுவைதீவு போன்ற சிறு தீவுகள் மூன்று நான்கு புள்ளிகளாகி, பிறகு இல்லாமலே போகும். கருவியில் ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. அதில் சரி போட்டால் எந்த உருவத்தையும் முழுதாக நீக்காது. போடாவிட்டால் எச்சரிக்கை ஒன்றும் வராது, தீவு போய்விடும். தீவிலிருந்து வள்ளத்தில் ஏறிப் படிக்க வரும் பிள்ளை இருக்கும் வகுப்பில் அந்தப் பெட்டியை விளக்க அதிக நேரம் தேவைப்படுவதில்லை.

இந்தத் தொழிலில் தத்துவத்தைவிட அன்றாடத் தொல்லைகளே அதிகம். தமிழ்ப் பெயர்களை அச்சுகளில் போடுவது அதில் ஒன்று. சில கருவிகள் தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியாமல் கொம்பையும் அரவையும் தனித்தனியே கழற்றி வைக்கும். கொடிகாமம் மூன்று துண்டாகக் கிடக்கும். அது சரிவந்தால் நீளம் வராது. மாவட்டத்தின் 15 பிரதேச செயலாளர் பிரிவுகளில் சண்டிலிப்பாய், தெல்லிப்பழை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்று ஒவ்வொன்றும் ஒரு முழம். சலாகைகளை நிறுத்தி வைத்தால் பெயர்களைச் சரித்து எழுத வேண்டும், வாசிப்பவர் கழுத்தைச் சரிக்க வேண்டும். ஆகவே எங்கள் சலாகைகள் எப்போதும் படுத்திருக்கும். பெயர் இடப்பக்கம் நேராக, நீளம் வலப்பக்கம்.

இன்னொன்று வட்ட வரைபு. அறிக்கை ஒன்றுக்கு உதவி கேட்டு வந்த அதிகாரி ஒருவர், நான் போட்டுக் கொடுத்த சலாகைகளைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு சேர். ஆனா வட்டமாப் போடுங்கோவன், அதுதான் வடிவு. கொஞ்சம் சரிச்சு, தடிப்பும் குடுத்தா இன்னும் நல்லம்" என்றார். நான் அவரோடு வாதாடவில்லை. அதே தரவுக்கு வட்டமும் போட்டு, பக்கத்தில் வைத்து, "எது மூண்டாவது பெரிசு, சொல்லுங்கோ பாப்பம்" என்றேன். வட்டத்தில் இரண்டு முறை மாற்றிச் சொன்னார். சலாகையில் உடனே தொட்டுக் காட்டினார். கிளீவ்லாந்தும் மக்கில்லும் 1984இல் பரிசோதனை செய்து காட்டியது இதையே: கண்ணுக்கு ஒரே அடிக்கோட்டில் இருந்து நீளத்தை ஒப்பிடுவது சுலபம், கோணத்தை ஒப்பிடுவது கடினம். அதிகாரி சலாகையை எடுத்துக்கொண்டு போனார். "வட்டத்தை அட்டைக்குப் போடுவம்" என்று அதையும் எடுத்துக்கொண்டார்.

என் தொழில் வாழ்க்கையில் எனக்கே பாடமாக வந்த வேலை கிணறுகள் பற்றியது. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின்மேல் நல்ல தண்ணீர்ப் படையாக மிதக்கிறது. அதையே குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். யூரியாவும் மலக்குழியும் அதே கல்லுக்குள்தான் இறங்குகின்றன. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தாண்டுகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் தண்ணீர் என்றால் இது விளையாட்டல்ல.

வேறு துறை நண்பர்கள் அளந்து தந்த தரவை எங்கள் மாணவி ஒருவர் படமாக்கினார். முதலில் செய்தது வழமையான முறை: அளந்த கிணறுகளுக்கு இடையில் உள்ள பரப்பை இடைக்கணிப்பால் நிரப்பி, பச்சையிலிருந்து சிவப்பு வரை வழுவழுப்பாக நிறம் தீட்டுவது. கூட்டங்களில் காட்டினால் எல்லோரும் தலையாட்டும் படம். பிறகு அதே தரவுக்கு இன்னொரு படம் செய்தோம். நிறத் தீற்றல் ஒன்றும் இல்லை. அளந்த கிணறு ஒவ்வொன்றும் ஒரு புள்ளி, புள்ளிக்கு மட்டும் நிறம், மிச்சமெல்லாம் வெறும் வெள்ளை.

இரண்டையும் பெரிதாக அச்சிட்டு, கோப்பாய்ப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் தோட்டக்காரர் முன் விரித்தோம். வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர்கள். நிறப்படத்தைப் பார்த்து, "நல்ல வேலை, வடிவா இருக்கு" என்று பாராட்டிவிட்டுப் பின்னால் சாய்ந்துகொண்டார்கள். புள்ளிப் படத்தை விரித்ததும் தலைகள் எல்லாம் மேசைக்கு மேல் குவிந்தன. ஒழுங்கையைக் கண்டுபிடித்தார்கள், கோயிலைக் கண்டுபிடித்தார்கள். "இது இன்னாரின்ர வளவுக் கிணறு" என்றார்கள். வயதான ஒருவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, வெள்ளையாக இருந்த ஒரு மூலையில் விரலை வைத்தார்.

"தம்பி, இஞ்ச ஏன் ஒண்டும் இல்லை?"

"அந்தப் பக்கம் ஒரு கிணறும் அளக்கேல்லை ஐயா."

"அப்ப என்ர கிணத்தை எடுங்கோ. பக்கத்து வளவிலயும் ஒண்டு இருக்கு. ரெண்டுக்கும் பத்து யார் தூரம்தான், ஆனா தண்ணி ஒண்டில்லை. ஒண்டில தேத்தண்ணி போடலாம், மற்றது வாய்க்குச் சரிவராது."

நிறப்படத்தில் அந்த மூலை ஏற்கெனவே இளம் பச்சையால் நிரம்பியிருந்தது. அவரது கிணறும் பக்கத்து வளவுக் கிணறும் அதில் ஒரே நிறம். சுண்ணாம்புக் கல்லுக்குள் எங்கே வெடிப்பு, எங்கே குகை என்று இடைக்கணிப்புக்குத் தெரியாது. நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவருக்கு இந்தக் கல் எவ்வளவு ஒழுங்கில்லாதது என்பது சொல்லாமலே விளங்கும். அன்று பின்னேரம் எங்கள் மாணவி கொண்டுபோன வெற்றுப் போத்தல்கள் போதாமல் போயின. ஒவ்வொருவரும் தங்கள் கிணற்றைப் படத்தில் ஏற்றவேண்டும் என்று நின்றார்கள். அடுத்த படத்தில் அந்த மூலை வெள்ளையாக இல்லை. அதில் இருந்த நிறங்களும் அளந்த நிறங்கள்.

நிரப்பிய படத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. தெரியாததைத் தெரியாது என்று விட்ட படம், பார்ப்பவரைப் பேச வைக்கிறது. தெரிந்தவர் தெரிந்ததைக் கொண்டுவந்து தருகிறார். எங்கள் மாவட்டத்தில் அளக்காமல், எண்ணாமல் விடுபட்டவை அதிகம். அவற்றின்மேல் கோடு இழுப்பதற்கும் நிறம் தீட்டுவதற்கும் ஒரு சொடுக்குப் போதும் என்பதால்தான் இதைப் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

ஆகவே என் வகுப்பில் ஒரு விதி உண்டு. ஒப்படைக்கும் ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டு வரி எழுதவேண்டும்: எதை விட்டேன், ஏன் விட்டேன். படம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் அந்த இரண்டு வரி இல்லையென்றால் புள்ளி இல்லை. குடிசன மதிப்பீட்டு வரைபையும் பிள்ளைகள் பருவ முடிவில் திரும்பச் செய்கிறார்கள். 1981இல் ஒரு புள்ளி, 2012இல் ஒரு புள்ளி. நடுவில் கோடு போடுவதில்லை. அங்கே என்ன நடந்தது என்று வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறார்கள்.